ஓணானுக்குக் குரல் கொடுத்தவன்

மச்சான்,

நேற்று சாயங்காலம் அம்பத்தூர் ஓ.டி. நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். நடைபாதையில் தார்ப்பாய் விரித்து, ஒரு அம்மா பழைய பொம்மைகளைக் குவித்து வைத்திருந்தாள். சக்கரம் கழன்ற லாரிகள், தலைமுடி கொட்டிய பாப்பாக்கள், ஒற்றை இறக்கை விமானம். அந்தக் குவியலுக்கு அடியில் பச்சையாக ஒரு வால் நீட்டிக்கொண்டிருந்தது. எந்தக் கூட்டத்திலும் எனக்கு அடையாளம் தெரிகிற வால். உருவி எடுத்தேன். நம்ம ஓணான். ஒரு கண்ணில் சாயம் உரிந்திருந்தது. வயிற்றுப் பொத்தானை அமுக்கினேன். சத்தமில்லை.

"அது பேசாது சார். சும்மா வெச்சி வெள்ளாடலாம்," என்றாள் அந்த அம்மா.

வாங்கவில்லை. வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அலுப்பு மச்சான். இப்போதெல்லாம் எதற்கும் குனிந்து நிமிர அலுப்பாக இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வந்தும் மனசு அந்தக் குவியலிலேயே கிடந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த நாட்களில் மின்சார ரயிலில் நீ நெமிலிச்சேரியில் ஏறி எனக்கும் சேர்த்து இடம் பிடித்துக்கொண்டு வருவாய். நான் ஆவடியில் ஏறுவேன். வில்லிவாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து வடபழனிக்கு பஸ். டப்பிங் தியேட்டரில் அப்போது நம் இரண்டு பேருக்கும் கூட்டக் குரல்தான். கல்யாண வீட்டுச் சலசலப்பு, சந்தை இரைச்சல், "அடிங்கடா அவனை." படத்தில் யார் வாயும் தெரியாத இடங்களுக்கெல்லாம் நாம்தான். நான் பாதுகாப்புத் துறை தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவன். அப்பா திருநெல்வேலிப் பக்கம், அதனால் என் பேச்சில் எந்த ஊரும் ஒட்டவில்லை. உன் பேச்சோ நெமிலிச்சேரியைத் தாண்டி எங்கும் போனதில்லை. "நீ பேசுனா ரேடியோல வானிலை அறிக்கை வாசிக்கிறா மாதிரி கீது மச்சான்," என்பாய். அது வாஸ்தவம்தான்.

அந்த கார்ட்டூன் தொடர் நம்மிடம் வந்தது அப்படி ஒரு வறண்ட காலத்தில்தான். ரசாயனக் கழிவு கலந்த ஓடையில் தண்ணீர் குடித்த நான்கு விலங்குகள் உருமாறி, ஆள் உயரத்துக்கு வளர்ந்து, இரண்டு காலில் நின்று ஊரைக் காப்பாற்றும் கதை. ஓர் அழுங்கு, அதாவது செதில் போர்த்த எறும்புதின்னி, ஒரு வௌவால், ஒரு நீர்நாய், ஓர் ஓணான். முதல் அத்தியாயத்தைத் திரையில் பார்த்துவிட்டு நீ, "நம்ம ஊரு கால்வாத் தண்ணிய குடிச்சிருந்தா நாமளும் இந்நேரம் எங்கியோ போயிருக்கலாம் மச்சான்," என்று சொன்னதில் ஒலிப்பதிவாளர் சிரித்துச் சிரித்து ஒரு டேக்கையே கெடுத்தார்.

அழுங்கு நான். படைத் தலைவன், பெயர் கேடயன். என் வானிலை அறிக்கைக் குரல் அதற்குப் பொருத்தமாகப் போயிற்று. "தோழர்களே, அஞ்சாதீர்கள்!" என்று அத்தியாயத்துக்கு ஒரு தடவையாவது முழங்குவேன். உனக்கு ஓணான். சேனல்காரர்கள் எல்லோருக்கும் ஒரே நடையில்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். குழந்தைகள் பார்ப்பது, நல்ல தமிழ்தான் இருக்க வேண்டும் என்று மேற்பார்வைக்கு வந்த அந்த மேடம் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஆனால் திரையில் அந்த ஓணானின் வாய் படபடவென்று அடித்துக்கொண்டது. நீ 'நான் இங்கேதான் இருக்கிறேன்' என்று சொல்லி முடிப்பதற்குள் அது வாயை மூடிக்கொண்டு சுவரேறிப் போய்விடும். மறுபடி மறுபடி எடுத்தோம். மத்தியானமாயிற்று. எல்லோர் முகமும் தொங்கிப்போனது. கடைசியில் நீ மைக் முன்னாலிருந்தபடியே, "மேடம், ஒரே ஒரு வாட்டி என் இஷ்டத்துக்கு உடுங்க," என்றாய்.

படம் ஓடியது. கேடயனாகிய நான், "தோழர்களே, அஞ்சாதீர்கள்!" என்றேன். ஓணான் கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, "இன்னாத்துக்கு நைனா அஞ்சணும்? நான்தான் கீறேன்ல!" என்றது. வாய் திறந்த இடத்தில் சொல் திறந்தது, மூடிய இடத்தில் முடிந்தது. சொல் மட்டுமில்லை, குரலே வேறாக இருந்தது. தொண்டையின் அடியில் எங்கிருந்தோ சரளைக்கல்லை உரசிக்கொண்டு வந்த ஒரு கரகரப்பு. அந்த மேடம் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இது ஒண்ணு மட்டும் இப்படி இருக்கட்டும். மத்தவங்க ஒழுங்காப் பேசுங்க," என்றார்.

அப்புறம் அந்தத் தொடரை எந்தப் பிள்ளை கேடயனுக்காகப் பார்த்தது? எங்கள் குடியிருப்பில் பள்ளிவிட்டு வந்த பிள்ளைகளெல்லாம், வீட்டில் எந்த ஊர்த் தமிழ் பேசினாலும், தெருவில் ஓணான் தமிழ் பேசின. அம்மாக்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

அது பொம்மை விற்பதற்காகவே எடுத்த தொடர் என்பதை நம்மில் முதலில் கண்டுபிடித்தவன் நீதான். "கதையில தேவையே இல்லாம புதுசா ஒரு வண்டி வருதுன்னா, கடையில வண்டி வந்து எறங்கிடுச்சின்னு அர்த்தம் மச்சான்," என்றாய். அதில் உனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பேசும் பொம்மை போடப் போகிறோம், ஓணானுக்கு மட்டும்தான் குரல் வைக்கிறோம் என்று அவர்கள் கூப்பிட்டபோது புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாய். ஒரே மத்தியானத்தில் சில வரிகளைப் பேசிக் கொடுத்தாய். "இன்னாத்துக்கு நைனா அஞ்சணும்? நான்தான் கீறேன்ல!", "ஓடியாங்கடா, ஆபத்து!", "பசிக்குதுபா!" அவ்வளவுதான். திரும்பும்போது ரயிலில், "இனிமே கடை கடையா உக்காந்துகினு கூவப் போறேன்," என்று சொல்லிவிட்டு, பட்டாபிராம் போகும் வரை ஜன்னல் கம்பியில் தாளம் போட்டுக்கொண்டு வந்தாயாம். நான் ஆவடியிலேயே இறங்கிவிட்டேன். எதிரே உட்கார்ந்திருந்த ஆள் பின்னொரு நாள் என்னிடம் சொன்னார்.

தொடரின் கடைசிப் பகுதி ஓடிக்கொண்டிருந்தபோது உன் தொண்டை கட்டியது. சளி என்றாய். சளி போகவில்லை. ஆஸ்பத்திரியில் பரிசோதனை மேல் பரிசோதனையாக எடுத்து, குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்றார்கள். "ஓணானுக்குக் கத்திக் கத்தித்தான் இப்படி ஆச்சா டாக்டர்?" என்று உன் மனைவி கேட்டாள். அதனால் இல்லை அம்மா, இது வேறு வியாதி என்றார் டாக்டர். நீ நம்பினாய். தங்கச்சி இன்று வரை நம்பவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் வார்டுக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். ஏதாவது பேசு மச்சான் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்க வாய் வரவில்லை. நீயாகத்தான் பேசினாய்.

"நாளைக்கு அப்பால நீ வாயத் தொறந்தா நான் பதிலே சொல்ல முடியாது. உனுக்கு ஜாலிதான்."

"போடா."

"நெசமாத்தான். வானிலை அறிக்கை முழுசா கேட்டுத்தான் ஆவணும் இனிமே."

நான் உன்னிடமிருந்து கடைசியாகக் கேட்ட பேச்சு அந்தக் கிண்டல்தான். மறுநாள் காலை நான் வருவதற்குள் உன்னை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு கழுத்தில் துண்டு சுற்றிக்கொண்டு, சொல்ல வேண்டியதை போனில் தட்டிக் காட்டினாய். அடுப்படியில் இருக்கிற மனைவியைக் கூப்பிட அது உதவாது. கை தட்டினால் அவளுக்குக் கோபம் வந்தது, "நான் என்ன நாய்க்குட்டியா?" என்று. அப்போதுதான் பரண் மேலிருந்த அந்த ஓணான் பொம்மையை இறக்கியிருக்கிறாய். நான் உன்னைப் பார்க்க வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பொத்தானை அமுக்கினாய். "ஓடியாங்கடா, ஆபத்து!" என்று உன் குரல் வீடு முழுக்கக் கேட்டது. தங்கச்சி கரண்டியோடு ஓடி வந்தாள். வந்து பார்த்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நீ பதறிப்போய் மறுபடி பொத்தானை அமுக்க, அது "பசிக்குதுபா!" என்றது. அழுதுகொண்டே எழுந்து போய் உனக்குச் சோறு போட்டாள்.

ஆனால் நான் சாகிற வரை மறக்க முடியாதது ரயிலில் நடந்ததுதான். ஆஸ்பத்திரிக்கு மறுபரிசோதனைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். கூட்டம் அதிகமில்லை. அம்பத்தூரில் ஒரு பெண் தன் சின்ன மகளோடு ஏறி நமக்கு எதிரே உட்கார்ந்தாள். குழந்தையின் மடியில் ஓணான். வழியெல்லாம் அமுக்கிக்கொண்டே வந்தது. உன்னை வேறு பக்கம் பார்க்க வைக்க, அங்கே பார் இங்கே பார் என்று நான் என்னென்னவோ காட்டிக்கொண்டிருந்தேன். நீயோ என் கையைத் தட்டிவிட்டு முன்னால் சாய்ந்து உட்கார்ந்தாய். குழந்தை அடுத்த தடவை பொத்தானை அமுக்கியது.

"இன்னாத்துக்கு நைனா அஞ்சணும்? நான்தான் கீறேன்ல!"

உன் உதடு அசைந்தது. ஓர் எழுத்து முந்தவில்லை, பிந்தவில்லை. புருவம் ஏறிய இடம், தலை சாய்ந்த இடம், எல்லாம் மைக் முன்னால் நீ நிற்பது போலவே. குழந்தை பொம்மையைப் பார்த்தது, உன்னைப் பார்த்தது. மறுபடி அமுக்கியது. மறுபடியும் நீ பேசினாய்.

"ம்மா! ஓணான் இந்த மாமாவுக்குள்ள கீது!" என்று கத்தியது.

அந்த அம்மா சங்கடப்பட்டுக்கொண்டு, "சாரி சார், ரொம்ப வாயி இதுக்கு," என்றாள். நான் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். நீ என் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டாய், சொல்லாதே என்று. ஆவடியில் நான் இறங்கியபோதும் அந்தக் குழந்தை அமுக்கிக்கொண்டிருந்தது, நீ வாயசைத்துக்கொண்டிருந்தாய். பிளாட்பாரத்தில் நின்று பார்த்தேன். ஜன்னலுக்குள் நீ பேசுவது போலவே இருந்தது. வண்டி கிளம்பிப் போயிற்று.

அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் நீ போய்விட்டாய்.

இப்போது என்ன நடந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும். அந்தத் தொடரைப் புதிதாக மறுபடி எடுக்கிறார்கள். புது பொம்மைகளும் வருகின்றன. உன் பழைய ஒலிப்பதிவுகளையெல்லாம் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, உன் குரலிலேயே புது வசனங்களைப் பேச வைக்கலாம், குடும்பத்தின் சம்மதம் வேண்டும் என்று தங்கச்சியிடம் வந்திருக்கிறார்கள். மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார்கள். அவள் எனக்கு போன் செய்தாள். போனேன். மேசை மேல் போனை வைத்து, அவர்கள் கொடுத்த குரல் மாதிரியைப் போட்டுக் காட்டினாள். நீ ஒருநாளும் பேசாத ஒரு வரியை நீ பேசினாய். அச்சு அசலாக நீதான்.

"இன்னாண்ணே பண்றது?" என்றாள். "கேட்டுக்கினே இருக்கலாம் போலவும் கீது. தூக்கிப் போட்டு ஒடைக்கலாம் போலவும் கீது."

"உனக்கு எது தோணுதோ அதைச் செய்மா. அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான்."

"அதான்ண்ணே. அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு." போனைக் கவிழ்த்து வைத்தாள். "அவரு பேசுனதெல்லாம் அவரு பேசுனது. பேசாதத அவரு வாயில வெக்க எனுக்கு மனசு வல்ல. ஓணான் பேசணும்னா உசுரோட கீற ஆளு எவனாச்சும் பேசட்டும்."

அப்படிச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள் மச்சான். அந்தப் பார்வையைத் தட்ட என்னால் முடியவில்லை. எனக்கும் வயதாகிறது. கூட்டக் குரலுக்குக்கூட இப்போது ஆளைக் கூப்பிடுவதில்லை, எல்லாம் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. விலகிப் போய்விடலாம் என்று நினைத்திருந்த நேரம். ஆனாலும் போய்க் கேட்டேன். கேடயனுக்கு வேறு யாரையாவது போடுங்கள், ஓணானை நான் பேசிப் பார்க்கிறேன் என்றேன்.

முதல் நாள் வானிலை அறிக்கைதான். 'கீறேன்' என்று நான் சொன்னால் யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிப்பது போலிருந்தது. அங்கே இருந்த இளம் பிள்ளைகள் நாகரிகமாகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். பத்து நாளாயிற்று ஒரு வரி வாயில் உட்கார. உன் மாதிரி வரவில்லை, வரவும் வராது. முதல் அத்தியாயத்தைத் தங்கச்சிக்குப் போட்டுக் காட்டினேன். கடைசி வரை பார்த்தாள். "அவரு மாதிரி இல்லண்ணே," என்றாள். அப்புறம், "நல்லதாப் போச்சு," என்றாள்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். அந்தக் கரகரப்பைத் தொண்டையின் அடியிலிருந்து இழுத்துக் கொண்டுவந்தால் எப்படி எரிகிறது மச்சான்! ஒரு மணி நேரம் பேசினால் அன்று ராத்திரி எச்சில் விழுங்க முடியவில்லை. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தாலும் காலையில் அப்படியே இருக்கிறது. நீ வருஷக்கணக்காக இதைச் செய்தாய். நான் பக்கத்து மைக்கில் நின்றேன், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தேன், ஒருநாள்கூட நீ வலிக்கிறது என்று சொன்னதில்லை. உன் சட்டைப்பையில் எப்போதும் பனங்கற்கண்டு இருக்கும். நீ இனிப்புப் பிரியன் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கும் ஒரு கட்டி கொடுப்பாய், வாங்கித் தின்பேன்.

இன்றைக்கும் பதிவு முடித்துவிட்டுத்தான் வந்தேன். தொண்டை எரிகிறது. மருந்து வைத்திருக்கிறேன், இன்னும் போடவில்லை.