மேடு ஏறாத குட்டி லாரி

அண்ணா,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்குச் சாதகமாக ஒரு சொல்லையும் சேர்க்கமாட்டேன், பாதகமான எதையும் விட்டுவிடமாட்டேன். நீங்கள் படிக்கப் போவதில்லை என்று தெரிந்தும் உங்களுக்கே எழுதுகிறேன். வேறு யாருக்கு எழுதினாலும் எங்கேயாவது மழுப்பிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

யுத்தகாலக் காகிதத் தட்டுப்பாட்டினால் பள்ளிக்கூடத்தில் ஆளுக்கு ஒரு கட்டுப் பழைய தாள் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அதற்காக இன்று சாயங்காலம் என் பெட்டியைக் கிளறியபோது அந்த நீல அட்டை நோட்டு கிடைத்தது. ஏழாம் பக்கத்து ஓரத்தில் உங்கள் கட்டைவிரல் கரியாகப் பதிந்திருக்கிறது. வண்டியின் பிளக்கைத் துடைத்த கையோடு நோட்டை வாங்கிப் பார்த்தீர்களே, அந்தக் கரிதான். இரண்டு வருஷமாகியும் ரேகைகள் அழியவில்லை. முகர்ந்து பார்த்தேன். மண்ணெண்ணெய் வாசனை மட்டும் போய்விட்டது.

அந்தப் பக்கத்தைப் பழைய தாள் கட்டில் வைக்கக் கை வரவில்லை. எங்கள் ரொட்டிக் கடையின் பின்னறை மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். முன்பக்கம் அப்பா கடைசி ரொட்டிகளை விற்றுக்கொண்டிருக்கிறார்.

ஊரில் எல்லாரும் ரொட்டி வண்டி என்று சொன்னாலும் அதை ஓட்டிய நீங்கள் மட்டும் 'நம்ம குட்டி லாரி' என்பீர்கள். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் தார்ப்பாய் போட்ட திறந்த தட்டு. எட்டு மணிச் சுற்றுக்கு எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, பள்ளிக்கூடம் போக நான் ஓடிவந்து ஏறுவேன். நம் இருவருக்கும் நடுவில் கேக் கூடை இருக்கும். பின்தட்டில் வைத்தால் குலுங்கி உடையும் என்று அதை எப்போதும் அங்கேதான் வைப்பீர்கள். கூடைக்கு மேலே உங்கள் தொப்பியும் மூக்கும்தான் எனக்குத் தெரியும்.

நான்காம் பார வகுப்புக்குப் போனதும் என் பை கனத்துப் போயிற்று. முதல் நாள் அதைக் கீழே காலடியில் போட்டேன். "பாப்பா, புஸ்தகத்த காலாண்ட போடாத. உங்க வேதமும் அதுலதான கீது? மடியில வெச்சிக்கோ" என்றீர்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆனால் மடியில் பை இருந்தால் படிக்க முடியாது. எதிரே, வண்டியின் முன்பலகைக்கு அடியில், என் முழங்காலுக்கு நேராக ஒரு சின்னக் குமிழ் நீட்டிக்கொண்டிருந்தது. பையின் வாரை அதில் மாட்டினேன். பை காலிலும் படவில்லை, மடியிலும் இல்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு புத்தகத்தைத் திறந்தேன்.

அந்த மாதத்தில்தான் வண்டி சோர ஆரம்பித்தது. ரயில்வே கேட்டைத் தாண்டியதும் வரும் மேட்டில் பாதி ஏறுவதற்குள் இரைக்கும், பின்னால் கரும்புகை கக்கும். சைக்கிளில் போகிறவர்கள் நம்மை முந்திக்கொண்டு போவார்கள். ஒரு நாள் ஜட்காக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து, "இன்னா டிரைவரே, என் குதிரைய கட்டி இழுக்கட்டுமா?" என்றார். நீங்கள் விடவில்லை. "உன் குதிரைக்கு மொதல்ல புல்லு போடுய்யா. அதோட எலும்ப எண்ணி எங்க பாப்பா கணக்கு பழகுது!" நான் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் மேடு ஏறி முடியும்வரை உங்கள் உடம்பு முன்பக்கம் சாய்ந்தே இருந்தது, நீங்களே வண்டியைத் தள்ளுவதுபோல.

பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைத்தது. முன்பெல்லாம் மாதம் முழுக்க வந்த பெட்ரோல் மூன்றாம் வாரத்திலேயே தீர்ந்தது. கடைசி வாரம் ரொட்டியைத் தலைச்சுமையாகவும் சைக்கிளிலும் அனுப்ப வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு நேரத்துக்குப் போய்ச் சேராமல் அப்பா பேச்சு வாங்கினார். நீங்கள் சாயங்காலம்தோறும் வண்டியின் கீழே படுத்துக் கிடந்தீர்கள். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினீர்கள். பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதோ என்று சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்தீர்கள். பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி மாதிரி வரும். இருக்கைக்கு அடியிலிருந்து மண்ணெண்ணெய்ப் புட்டியை எடுத்து அதைக் கழுவுவீர்கள். இரண்டு நாளில் மறுபடியும் கரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா மிஸ்திரி ஒருவரை அழைத்து வந்தார். நீங்களும் அவர்களும் வண்டியை எடுத்துக்கொண்டு அல்சூர் வரைக்கும் போய்வந்தீர்கள். மேட்டில் வண்டி சிட்டாகப் பறந்ததாம். மிஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டே, "வண்டிக்கு ஒண்ணும் இல்ல சார். ஆளத்தான் பாக்கணும்" என்று சொன்னார். அதை நான் கேட்டேன். அதுதான் எனக்குப் பொறி தட்டிய இடம்.

அதன்பிறகு நான் நோட்டுப் போட்டேன். தினமும் வண்டி எத்தனை மைல் ஓடியது, எவ்வளவு பெட்ரோல் ஊற்றினீர்கள் என்று குறித்தேன். "இன்னா பாப்பா எழுதற?" என்று கேட்டீர்கள். "பள்ளிக்கூடப் பாடம்ணா" என்றேன். அது பொய். நீங்கள் அதை நம்பி, மைல் காட்டும் மீட்டரைப் பார்த்து நீங்களாகவே எனக்கு எண்களைச் சொன்னீர்கள். ஒரு நாள் நான் கூட்டலில் பிசகியபோது நோட்டை வாங்கித் திருத்தியும் கொடுத்தீர்கள். கரி விரல் பதிந்தது அன்றுதான்.

என் விஞ்ஞானப் புத்தகத்தில் மண்ணெண்ணெய் கரும்புகை விட்டு எரியும் என்று போட்டிருந்தது. நான் முடிவுகட்டிவிட்டேன். நீங்கள் பெட்ரோலை வெளியில் விற்றுவிட்டு, குறைந்ததற்கு மண்ணெண்ணெய் ஊற்றுகிறீர்கள், முதலாளி கூட வரும் நாளில் மட்டும் ஊற்றுவதில்லை. புகை, கரி, புட்டி, ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அழகாகப் பொருந்தின. ஒரு முழுத்தாளில் எண் போட்டு, கடைசியில் 'முடிவு' என்று தலைப்பிட்டு, அடிக்கோடும் இழுத்து அப்பாவிடம் கொடுத்தேன். அப்பா இரண்டு தடவை படித்தார். என் தலையில் கை வைத்தார். உங்களைப் பற்றி எனக்கு அப்போது ஒரு நொடிகூட வருத்தமில்லை அண்ணா. என் தாள் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்ற பெருமைதான் இருந்தது.

மறுநாள் முற்றத்தில், அடுப்படி ஆட்கள் எல்லாரும் பார்க்க, அப்பா அந்தத் தாளை உரக்கப் படித்தார். நான் மாடி ஜன்னலில் நின்றேன். நீங்கள் எட்டிப் பார்த்து, "அது பாப்பா எழுத்துங்களா?" என்று கேட்டீர்கள். அப்பா ஆமாம் என்றார். நீங்கள் தொப்பியைக் கழற்றினீர்கள். பிறகு, "பாப்பா பொய் எழுதாது ஐயா. ஆனா நானும் பெட்ரோல் விக்கல. வண்டிக்கு இன்னா நோவுன்னு எனக்குத் தெரியல, அவ்ளோதான்" என்றீர்கள். சாவியை ரொட்டித் தட்டின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

நான்காம் நாள் புது டிரைவர் வந்தார். மைசூர்ப் பக்கத்துக்காரர். அவர் கேக் கூடையை வைக்கோல் போட்டுப் பின்தட்டில் வைத்துவிட்டார். நான் ஏறி, வழக்கம்போல் பையை மாட்டினேன். அவர் திரும்பிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "ஏனம்மா இது! சோக்கு குமிழ்ல போயி மூட்டைய தொங்க வுட்டிருக்க? அது காலைல குளுந்த எஞ்சினுக்கு மட்டும் இழுக்கிறது. சும்மா இழுத்து வெச்சா வண்டி பெட்ரோல கொடம் கொடமா குடிக்கும், எரும மாதிரி நடக்கும், பிளக்கெல்லாம் கரி புடிக்கும்!" பையை எடுத்து என் மடியில் போட்டார். குமிழ் இரண்டு விரற்கடை வெளியே வந்திருந்தது. அவர் அதை உள்ளே அமுக்கினார்.

அன்று வண்டி மேட்டில் மூச்சு வாங்காமல் ஏறியது.

எல்லாம் ஒரேயடியாகப் புரிந்தது. விடியற்காலையில் இடப்பக்கக் கதவைத் திறந்து குனிந்து நீங்கள் இழுப்பது அதைத்தான். எஞ்சின் சூடானதும் மறுபடி அமுக்கிவிடுவீர்கள். அதற்குப் பிறகு நான் ஏறுவேன். ஒவ்வொரு பள்ளத்திலும் என் புத்தகங்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுக்கும். நான் பையோடு இறங்கிய பின்னும் குமிழ் அப்படியே நிற்கும், நீங்கள் நாள் முழுக்க அப்படியே ஓட்டுவீர்கள். ஓட்டும்போது கூடை மறைத்ததால் உங்களுக்குத் தெரியாது; விடியலில் இருட்டில் தடவி இழுப்பதால், அது முன்பே வெளியே வந்திருந்ததும் தெரிந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது.

அன்று மதியமே அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாள் எங்கள் சர்ச் சபை மூப்பர் சாப்பிட வந்தார். "ஆள் மாறினதும் வண்டி மாறிடுச்சுங்க. கண்டுபிடிச்சது யாரு? எங்க பாப்பா!" என்றார் அப்பா. மூப்பர், "வக்கீலுக்குப் படிக்க வைங்க" என்றார். அம்மா என் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள். நான் அதைத் தின்றேன்.

அடுத்த வாரம் நீங்கள் கடைக்கு வந்தீர்கள். வேறொரு இடத்தில் வேலை இருப்பதாகவும், நான்கு வருஷம் நல்லபடியாக ஓட்டினான் என்று ஒரு சீட்டு இருந்தால் எடுத்துக்கொள்வார்கள் என்றும் சொன்னீர்கள். அப்பா தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே, "சீட்டெல்லாம் குடுக்கறதில்லப்பா" என்றார். அவர் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பிஸ்கத்து டப்பாவுக்குப் பக்கத்தில் நின்றேன். நீங்கள் படி இறங்கியவர் திரும்பி என்னைப் பார்த்து, "பாப்பா, வண்டி இப்ப எப்பிடி கீது? மேடு ஏறுதா?" என்று கேட்டீர்கள். குத்தலாகக் கேட்கவில்லை. நோயாளியை விசாரிப்பதுபோலக் கேட்டீர்கள்.

"ஏறுதுண்ணா" என்றேன்.

"அப்பிடியா" என்றீர்கள். உங்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன். நீங்கள் போனதும் வண்டி சரியாகிவிட்டது என்றால், நீங்களே உங்களைச் சந்தேகிக்கும்படி ஆகிவிட்டது. "நல்லது. ஜாக்கிரதையா ஓட்டச் சொல்லு" என்று சொல்லிவிட்டு நடந்தீர்கள். நான் சொன்னது முழு உண்மை. அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதில்லை.

பிறகு நீங்கள் பட்டாளத்து லாரி ஓட்டச் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம். அங்கே சீட்டுக் கேட்கவில்லை போலும். மூன்று வாரத்துக்கு முன் உங்கள் மைத்துனர் கடைக்கு வந்தார். "அஸ்ஸாம் பக்கம் காய்ச்சல்ல போய்ட்டாரு. உங்ககிட்ட வேல செஞ்சவராச்சே, சொல்லணும்னு தோணிச்சு" என்றார். போகும்போது, "எங்க அக்காவ தெருவுல இன்னும் பெட்ரோல் திருடன் பொண்டாட்டின்றாங்க. அத மட்டும் தாங்க முடியல சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதுவரை எழுதிவிட்டு, தாள்களை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போய் அப்பாவிடம் கொடுத்தேன். வாங்க வந்தவர்கள் யாரும் இல்லை. அப்பா நின்றபடியே படித்தார். சோக்கைப் பற்றி எழுதிய இடத்தில் திடுக்கிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திடுக்கிடவில்லை.

"தெரியும்மா" என்றார்.

"எப்பப்பா?"

"புது ஆள் வந்த அதே வாரம். அவனே சிரிச்சிக்கிட்டு சொன்னான். மூப்பர் வந்துட்டுப் போன மறுநாள்."

அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. அந்த ஒரு சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா யாரிடமும் என் புத்திசாலித்தனத்தைப் பற்றிப் பேசவே இல்லை. பேசாமல் இருக்கிறாரே என்று நான் நிம்மதிப்பட்டிருக்கிறேன்.

"அப்ப அவரு சீட்டு கேட்டு வந்தப்ப?"

அப்பா தாள்களைத் தராசுத் தட்டின் மேல் வைத்தார். "அத்தன பேர் முன்னாடி படிச்சுட்டேனேம்மா. சீட்டு குடுத்தா, நான் செஞ்சது தப்புன்னு நானே எழுதிக் குடுக்கணும். உனக்கும் தெரிஞ்சா நீ ஒடஞ்சு போயிடுவேன்னு நெனச்சேன். அப்பிடி நெனச்சுக்கிறது சுலபமா இருந்துச்சு."

அண்ணா, அன்று கடையில் மூன்று பேர் இருந்தோம். இரண்டு பேருக்கு உண்மை தெரிந்திருந்தது. அது தெரியாமல் நின்றவர் நீங்கள் ஒருவர்தான்.

நாளை ஆராதனை முடிந்ததும் ஒக்கலிபுரத்துக்கு, உங்கள் வீட்டுக்குப் போகிறோம். "அவன் சம்சாரத்துக்கிட்ட என்னன்னு சொல்றது?" என்று அப்பா கேட்டார். "பைய மாட்டினது நான்னு நான் சொல்றேன். மிச்சத்த நீங்க சொல்லுங்கப்பா. வாசல்ல நின்னு, தெருவுக்குக் கேக்கற மாதிரி" என்றேன். அப்பா தலையை ஆட்டினார்.

அவர்கள் எங்களைக் கதவுக்கு வெளியே நிறுத்தினாலும் சரிதான். தெரு முழுவதும் கேட்டாலும், மேடு ஏறுதா என்று கேட்டவருக்கு இனி பதில் போய்ச் சேராது. ஏறுகிறது அண்ணா, என் பையை எடுத்துவிட்டதால் ஏறுகிறது, உங்கள் குற்றம் ஒன்றுமில்லை என்று அன்று சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பாதி வாக்கியம் என்னிடமே தங்கிவிட்டது. எங்கே போனாலும் அதைச் சுமந்துகொண்டுதான் போவேன்.

இன்னும் கொஞ்சம் எழுதலாம் என்று மறுபடி பின்னறையில் உட்கார்ந்தேன். வழக்கமான நேரத்துக்கு முன்பே அப்பா முன்பக்கத்துக் கடை விளக்குகளை அணைத்துவிட்டார்.