சிவப்பு ரெக்சின் துண்டு

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. இங்கே அம்மாவும் உன் தம்பியும் நலம், நானும் நலம், இடது கால் மட்டும் வழக்கம்போலத் தனிக்கட்சி. நீ நலமா என்று சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை, பதில் வேண்டித்தான் கேட்கிறேன்.

கடையில் வேலைக்குக் குறைவில்லை. ஒரு பல் டாக்டரின் நாற்காலிக்கு உறை மாற்றுகிறோம். வெக்கை ஏறினால் கால் கனத்துவிடுவதால் மதியம் தைத்து முடித்த சோபாவிலேயே சாய்ந்துவிடுகிறேன், யாராவது வந்தால் முதலாளி ஸ்பிரிங் சோதிக்கிறார் என்று கட்டிங் மாஸ்டர் சமாளித்துவிடுகிறார். தம்பி என் கைத்தடியில் சைக்கிள் மணி பொருத்தியிருக்கிறான், அம்மாவுக்கு ஒரே எரிச்சல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றும் மருந்தைப் போன வாரம் ஏற்றிக்கொண்டேன். நரம்பு டாக்டரிடம் என்ன புதுசு என்று கேட்டேன். சின்ன வயதில் முக்கால்வாசிப் பேருக்கு வந்துபோகிற ஒரு சாதாரண வைரஸுக்கும் நரம்பின் மேலுறையை அரிக்கும் என்னுடைய இந்த மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்கும் தொடர்பு இருப்பது உறுதியாகிக்கொண்டு வருகிறதாம். அரித்துப்போன அந்த உறையைத் திரும்ப வளரவைக்கும் மருந்து இன்னும் பரிசோதனையில்தான் இருக்கிறதாம், அதை நம்பி நான் கைத்தடியை விறகுக்குப் போடவில்லை. ஆனால் ஒன்று சொன்னார். அப்பல்லாம் கொஞ்ச நாள் பார்த்துட்டுத்தான் மருந்து ஆரம்பிப்போம், இப்ப தெரிஞ்ச உடனே ஆரம்பிச்சிடறோம், சீக்கிரம் பிடிச்சவங்க நிறைய பேர் நல்லா நடமாடறாங்க என்றார்.

இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்றால், முந்தாநாள் போனில் வலது கண்ணில் சிவப்பெல்லாம் வெளுத்துத் தெரிகிறது, கண்ணை உருட்டினால் வலிக்கிறது, கம்ப்யூட்டர் பார்த்த களைப்பு என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டு வீட்டுக்காரர் குழாய் மாற்றாத கதைக்குப் போய்விட்டாய். எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. ஊசியில் நூல் கோக்க இடது கண்ணை மூடிக்கொள்வது என் பழக்கம், நூலின் நிறம் சேர்ப்பதும் திறந்திருக்கும் வலது கண்ணால் மட்டும்தான். இடது கண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்காததால் வலது கண் கெட்டது தெரியாமலே போயிற்று. ஒரு சினிமா கொட்டகையின் சிவப்பு இருக்கைகளைச் செங்கல் நிற நூலில் தைத்துக் கொடுத்துவிட்டு, இரண்டும் ஒரே நிறம்தான் என்று கொட்டகைக்காரரிடம் சண்டைக்கும் போனேன்.

அப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரும் என்பதில்லை, பெரும்பாலும் வருவதில்லை என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். வேறு எதுவாகவும் இருக்கலாம். ஆனாலும் எனக்குப் பயமாக இருக்கிறது. போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் கூரியரில் அனுப்புகிறேன். கூடவே ஒரு சிவப்பு ரெக்சின் துண்டு இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் ஒரு கண்ணை மூடிப் பார், பிறகு மற்றதை. இரண்டிலும் ஒரே சிவப்பு என்றால் கிழவனுக்குக் கிலி என்று சிரித்துக்கொண்டே கண் டாக்டரிடம் போ. ஒன்றில் வெளுத்திருந்தால் எனக்குப் போன் போட்டு நேரத்தை வீணாக்காமல் அன்றைக்கே போ, என் வியாதியின் பெயரை மறக்காமல் சொல். மருந்து இருக்கிற காலத்தில் பிறந்திருக்கிறாய், அதை வீணாக்காதே.

நேரத்துக்குச் சாப்பிடு. நீ குறையில்லாமல் நெடுங்காலம் வாழவேண்டும். துண்டை நல்ல சிவப்பாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தது அம்மாதான், என் கண்ணை நான் நம்பவில்லை. எதற்கென்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
அப்பா