புங்கமரம் சுமந்த பழி

பாய்,

நேற்று இரவு முழுக்க மழை. காலையில் விட்டதும் முதல் வேலையாகக் காரின் முன்கதவைத் திறந்து, டிரைவர் காலடியில் கிடக்கும் கார்பெட்டில் உள்ளங்கையை அழுத்திப் பார்த்தேன். ஈரமில்லை. குனிந்து மோந்தும் பார்த்தேன். ஊறிப்போன கோணியின் அந்த வாடை இல்லை. பெருமாளே என்று நிமிர்ந்தேன். நீங்கள் இருந்திருந்தால் போன் போட்டுச் சொல்லியிருப்பேன். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. அதனால் எழுதுகிறேன்.

பன்னிரண்டு வருடம் ஓடிய அந்த ஜெர்மன் வண்டியை இவர் ரிடையரான பணத்தில் வாங்கியபோது நான் மறுத்து ஒன்றும் பேசவில்லை. நெடுநாள் ஆசை. புதுச் சின்ன கார் விலைக்கே பெரிய வண்டி கிடைத்ததென்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். முடிச்சூர் ரோட்டில் உங்கள் மெக்கானிக் ஷெட்டுக்கு முதன்முதலில் வந்தோம். பானெட்டைத் திறப்பதற்கு முன்பே, "யானய சும்மாவே குடுத்தாலும் தீனி தீனிதான் சார்" என்றீர்கள். இவர் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு உங்கள்மேல் நம்பிக்கை வந்தது அந்த நிமிடத்தில்தான்.

சொன்னபடியே தின்றது. முதலில் சஸ்பென்ஷன். ராத்திரி நேராக நிறுத்திய வண்டி காலையில் பார்த்தால் மண்டிபோட்ட மாடு மாதிரி முன்னால் சரிந்து கிடக்கும். பிறகு கூலன்ட் போகிற பிளாஸ்டிக் குழாய். பெருங்களத்தூர் சிக்னலில் ஆவி கக்கிக்கொண்டு நின்றோம். பிறகு கண்ணாடி ஏற்றும் மோட்டார். பத்தாவதோடு நின்றவள் நான். ஒவ்வொரு பாகமும் என்ன செய்கிறது, ஏன் போயிற்று என்று உங்களிடம் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வேன். எழுதாமல் காசு கொடுத்துப் பழக்கமில்லை. நீங்கள் அலுத்துக்கொண்டதே கிடையாது. "இன்னும் ஒரு நோட்டு முடிஞ்சா நீங்களே எதிர்ல ஷெட்டு போட்டுடலாம்க்கா" என்பீர்கள். என்னைவிட மூத்தவர், கடைசிவரை அக்காதான்.

ஒருநாள் கேட்டேன், எந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டும் என்று. ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள்: "சத்தம் போடுற பார்ட்டு செலவு வெக்காதுக்கா. கம்முனு கீதே, அதுதான் வெக்கும்."

மூன்று வருடம் முன்பு, ஐப்பசி மழையில் அதுதான் நடந்தது. ஒரு காலை டாஷ்போர்டில் இருந்த விளக்கெல்லாம் ஒன்றாக எரிந்தன. கியர் மூன்றுக்கு மேல் ஏற மறுத்தது. பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றில் காட்டினோம். கார்பெட்டுக்கு அடியில் தண்ணீர் நிற்கிறது, கன்ட்ரோல் பெட்டி நனைந்துவிட்டது, புதிதாக மாற்ற ஒரு லட்சத்து எழுபதாயிரம் என்று தாளில் அடித்துக் கொடுத்தார்கள். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இவர் வண்டியை வீட்டுக்குத் திருப்பினார். வந்ததும், "வித்துடலாம். எடைக்குப் போட்டாகூடப் பரவால்ல" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

உங்களிடம் கொண்டுவந்தோம். தண்ணீர் எப்படி வந்ததென்று பார்க்காமல் பெட்டியை மாற்றி என்ன பயன் என்றீர்கள். வைப்பர் படுத்திருக்கும் பள்ளத்தின் மூடியைக் கழற்றினீர்கள். மழைநீர் இறங்கிப் போக அங்கே இரண்டு ஓட்டைகள். இரண்டும் அடைத்திருந்தன. விரலை விட்டு நீங்கள் எடுத்ததை நான் பார்த்துவிட்டேன். கறுத்துப்போன துளசி, செவ்வந்தி இதழ்கள், நார்.

வெள்ளிக்கிழமைதோறும் நான் வைத்த பூ. திருநீர்மலைக்குப் போய்வந்தால் பிரசாதமாகக் கிடைத்த துளசியைக் கண்ணாடிக்குக் கீழே அந்தப் பள்ளத்தில்தான் செருகுவேன். காற்றில் பறந்து போயிற்று என்றே நினைத்திருந்தேன்.

இவர் இரண்டடி தள்ளி நின்று, எதனால் அடைப்பு என்று கேட்டார். நீங்கள் என் முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்தீர்கள். "மரத்தடியில நிறுத்துறீங்க இல்ல சார், குப்ப சேரத்தான் செய்யும்" என்றீர்கள். பொய்யும் இல்லை. எங்கள் வாசல் புங்கமரம் உதிர்க்காத நாள் ஏது.

பெட்டியைக் கழற்றிக் காயவைத்து, துரு சுரண்டி, திரும்ப மாட்டினீர்கள். கார்பெட் எங்கள் மொட்டைமாடியில் நான்கு நாள் காய்ந்தது. கூலியோடு பதினோராயிரம். வண்டி பிழைத்தது. இவர் காசு எடுக்க உள்ளே போனபோது, ஒரு பேப்பர் மடிப்பை என்னிடம் நீட்டினீர்கள். "சாமிக்கு வெச்ச பூவ நான் குப்பையில போட மாட்டேன்க்கா. நீங்களே பாத்து எங்கனா போடுங்க. இனிமே உள்ளார வைங்க. கண்ணாடிக்கு உள்ள இருந்தாலும் அவருக்குத் தெரியும்." கூடவே ஒரு பழைய சைக்கிள் பிரேக் கம்பி. மழைக்கு முன்னால் அந்த ஓட்டைகளில் விட்டு ஆட்டச் சொன்னீர்கள்.

கால் படாத இடம் பார்த்து, பூவைப் புங்கமரத்தின் அடியில்தான் புதைத்தேன். நோட்டில் "இலை அடைப்பு" என்று எழுதினேன். நான் தெரிந்தே எழுதிய ஒரே பொய்.

அந்தப் பொய் வளர்ந்தது. இலை விழும்போதெல்லாம் இவர் மரத்தைத் திட்டுவார். நான் வாயைத் திறக்கவில்லை. பதினோராயிரம் என்னால் போயிற்று என்பதைவிட, பூ வைக்கும்போதெல்லாம் கேலி கேட்க வேண்டுமே என்ற கூச்சம். போன வாரம் மழைக்கு முன்னால் மரத்தை எடுத்துவிடுவது என்று முடிவே செய்து, கயிறும் ரம்பமுமாக இரண்டு பேரை வரவழைத்துவிட்டார். ஒருவர் ஏறி முதல் கிளையில் கயிறு கட்டிவிட்டார். கம்மென்று இருப்பதுதான் செலவு வைக்கும் என்றீர்களே, அது என்னைத்தான் சொன்னது போலிருந்தது.

கேட்டருகே போய்ச் சொன்னேன். "மரத்த விட்டுடுங்க. அடைச்சது எல இல்ல. நான் வெச்ச பூ."

இவர் என் பக்கம் திரும்பினார். பாய்க்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். "மூணு வருஷம் எங்கிட்ட மூச்சு விடலையே அந்த மனுஷன்" என்றார். கோபம் இல்லை; உங்களை நினைத்துக்கொண்டது மாதிரி இருந்தது. பிறகு மேலே பார்த்து, வயரில் இடிக்கும் கிளையை மட்டும் கழித்துவிட்டு இறங்கச் சொன்னார். வந்தவர்களுக்கு டீ போட்டேன். தம்ளரை வாங்கும்போது இவர் சொன்னார்: "ஆயுத பூஜைக்கு வாழக்கன்னு வேற கட்டுவியே. நல்லவேள, அது ஓட்டைக்குள்ள போகல."

அவ்வளவுதான் கேலி. இதற்கா மூன்று வருடம் பயந்தேன்.

இந்த மூன்று வருடமும் இவர் மதியம் கண்ணயரும் நேரம் பார்த்து, உங்கள் கம்பியைத் திருட்டுத்தனமாக ஓட்டையில் விடுவேன். அது பூஜை அலமாரிக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. முந்தாநாள் அதை இவர் முன்னாலேயே எடுத்து வந்தேன். நான் கம்பியை ஆட்டினேன். இவர் மேலிருந்து அந்தப் பள்ளத்தில் சொம்புத் தண்ணீரை ஊற்றி, "வருதா?" என்றார்.

நான் குந்தி உட்கார்ந்து சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் தடையில்லாமல் தரையில் கொட்டி, புங்கமரத்தின் பக்கமாக ஓடியது.

"வருது" என்றேன்.