குப்பியில் வாங்கிய ரோஜா

மார்ச் 3, திங்கள்

இன்று குளியல்கூடத்தில் பதினோரு பேருக்கு முதுகு தேய்த்தேன். வலது மணிக்கட்டு எரிகிறது. எங்கள் ஸெஃப்ரூ ஊரில் மழை விட்டபாடில்லை. மாடியில் காயப்போட்ட, தலைக்குத் தேய்க்கும் கசூல் களிமண்ணைத் தங்கை ரக்கியா இரண்டு முறை உள்ளே இழுத்து, இரண்டு முறை வெளியே வைத்தாள். "இந்த மண்ணுக்குப் பண்ற சேவைய ஒரு புருஷனுக்குப் பண்ணியிருந்தா நம்மள விட்டுப் போயிருக்க மாட்டான்க்கா" என்கிறாள். சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

மார்ச் 8, சனி

குளியல்கூட முதலாளியம்மா ஹஜ்ஜா கூப்பிட்டனுப்பினார். செவ்வாயன்று பக்கத்துத் தெரு பத்தூலின் மகள் கிஸ்லானுக்குக் கல்யாணக் குளியல். பதினைந்து பெண்கள். என் கையால் செய்த கசூல்தான் வேண்டுமாம். மண் ஊற வேண்டும். கிராம்பும் ரோஜா மொட்டும் நாள் முழுக்கக் கொதிக்க வேண்டும். அதற்கு நடுவே குளிக்க வருகிறவர்களை யார் தேய்ப்பது? முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. என்றைக்கு வந்தது?

மார்ச் 9, ஞாயிறு

அடுப்பையே பற்றவைக்கவில்லை. கடைத்தெருவில் ரோஜா வாசனை எண்ணெய் ஒரு குப்பி வாங்கினேன். மேலே பெயர்கூட இல்லை. ஊறிய மண்ணில் அப்படியே ஊற்றிப் பிசைந்தேன். நல்ல மணம். ரக்கியாவிடம் சொல்லவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

மற்றவர்கள் கசூலைத் தலைக்குத்தான் தேய்த்துக்கொண்டார்கள். கிஸ்லானுக்கு மட்டும் நான் முகத்திலும் பூசினேன். "எரியுது சித்தி" என்றாள். "சூட்டுக்கு அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

அப்படித்தான் இருக்கும் என்றேனே —

மார்ச் 12, புதன்

கன்னமெல்லாம் தடித்துச் சிவந்து, கண் இடுங்கிப்போயிருக்கிறது அவளுக்கு. பத்தூல் குளியல்கூட வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கத்தினாள். "சனிக்கிழமை கல்யாணம்! எம் பொண்ணு மூஞ்சிய என்னடி பண்ணி வச்சிருக்க, மன்னானா?"

நான் வாய் திறக்குமுன் ஹஜ்ஜா முந்திக்கொண்டார். "எங்க மண்ணுல ஒரு குத்தமும் இல்ல. உம் பொண்ணு வெள்ளையாகறதுக்கு ஏதாவது க்ரீம் பூசியிருப்பா, போய்க் கேளு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

மார்ச் 13, வியாழன்

ரக்கியா கடைத்தெருவிலிருந்து செய்தி கொண்டுவந்தாள். க்ரீம் கதை மாப்பிள்ளை வீடு வரைக்கும் போய்விட்டது. "நம்மள ஏமாத்தத்தான் க்ரீம் பூசியிருக்கா, அவ நெசமான நிறம் என்னன்னு கேக்கறாங்களாம்க்கா." நாளை மாப்பிள்ளையின் அம்மா வருகிறாளாம். கல்யாணத்தை நிறுத்தத்தான், வேறெதற்கு?

குப்பி விஷயத்தை ரக்கியாவிடம் சொல்லிவிட்டேன். "வாய மூடிக்கிட்டு இரு" என்றாள்.

மார்ச் 14, வெள்ளி

பத்தூல் வீட்டுக்குப் போனேன். நடுவில் விருந்தாளிக்காகச் சமைத்த குஸ்குஸ் தட்டு ஆறிக்கொண்டிருந்தது. யாரும் கை வைக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா தலைத்துணியைக்கூடத் தளர்த்தாமல் உட்கார்ந்திருந்தாள்.

"க்ரீமெல்லாம் இல்ல. நாந்தான். ரோஜா கொதிக்க வைக்காம ஏதோ எண்ணெய ஊத்திட்டேன்."

"ஏன்டி? எம் பொண்ணு உனக்கு என்ன பண்ணுனா?" என்றாள் பத்தூல்.

வேறு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை. "அசதி" என்றேன்.

கிஸ்லான் ஈரத்துணியை முகத்திலிருந்து எடுத்தாள். "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல சித்தி? ரெண்டு நாளா எங்கம்மாவே என்னை நம்பல."

எழுந்து வரும்போது மாப்பிள்ளையின் அம்மா குஸ்குஸ் தட்டைத் தன் பக்கம் இழுத்ததைப் பார்த்தேன்.

மார்ச் 15, சனி

கல்யாணம் நடந்தது. மேளச்சத்தம் இங்கே வரை கேட்டது. எங்களை அழைக்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

இனி வர வேண்டாம் என்றுவிட்டார் ஹஜ்ஜா. "என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டியே!" பத்தொன்பது வருஷம்.

மார்ச் 24, திங்கள்

தூங்கினேன். எழுந்தேன். மறுபடி தூங்கினேன்.

ஏப்ரல் 10, வியாழன்

நேற்று ஹஜ்ஜா படியேறி வீட்டுக்கே வந்தார், மூச்சு வாங்கிக்கொண்டு. கிஸ்லானுக்கு முகம் ஆறிவிட்டதாம். அவளுடைய மாமியார் குளியல்கூடத்துக்கு வந்து, "அந்த மன்னானா எங்க? குத்தத்த மூஞ்சிக்கு நேரா ஒத்துக்கிட்டவ கையிலதான் என் தலையக் குடுப்பேன்" என்று சொல்லித் திரும்பிப் போய்விட்டாளாம். ஒரு முறையல்ல, மூன்று முறை.

"நாளைலேர்ந்து வந்துடு" என்றார் ஹஜ்ஜா.

"வாரத்துக்கு மூணு நாள்தான் வருவேன். சனி, ஞாயிறு, செவ்வாய். கசூல் மாசத்துக்கு ஒரு தடவைதான் செய்வேன். அதுக்கு மேல என்னால முடியாது."

சமையலறையில் ரக்கியாவின் கரண்டி நின்றது. ஹஜ்ஜா உட்கார்ந்து தலைத்துணியைத் தளர்த்திக்கொண்டார். பிறகு, "சரி, டீயாவது குடுப்பியா?" என்றார்.

இன்று வியாழன். காலை மணி பத்து. படுத்தபடியேதான் இதை எழுதுகிறேன்.