வேலியின் முதுகு

ஜூன் 3, செவ்வாய்

இதை எடுத்திருப்பது யாராக இருந்தாலும், தயவுசெய்து இந்த வரியோடு மூடிவிடுங்கள். மூட மனசு வரவில்லை என்றால் படியுங்கள், ஆனால் அப்பாவிடம் மட்டும் காட்டாதீர்கள். அம்மாவிடமும் வேண்டாம். அம்மாவுக்குச் சிரிக்காமல் எதையும் மறைக்கத் தெரியாது.

இன்று ஒன்றும் நடக்கவில்லை. கணக்குப் பரீட்சையில் முட்டி மோதி பாஸ். சாயங்காலத்திலிருந்து பேய்க்காற்று. பின்பக்கத்து வேலி முனகிக்கொண்டே இருக்கிறது.

ஜூன் 4, புதன்

காலையில் பல் தேய்த்துக்கொண்டே பின்பக்கம் போனேன். வேலி இல்லை. எங்கள் பக்கமாகக் குப்புற விழுந்து, அம்மாவின் துணிக்கொடியையும் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. நான் பார்த்தது வேலியை இல்லை.

அந்தப் பக்கம் ஒரு படகு நிற்கிறது.

மறுபடியும் எழுதுகிறேன், எனக்கே நம்பிக்கை வருவதற்காக. பக்கத்து வீட்டுக் கொல்லையில் ஒரு மரப் படகு. பெரியது. முட்டுக்கட்டைகளின் மேல், இப்போதே கிளம்பிவிடுவேன் என்கிற மாதிரி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இங்கிருந்து படகு ஓடுகிற அளவுக்குத் தண்ணீரைப் பார்க்கவேண்டும் என்றால் பஸ்ஸில் அரை நாள் போகவேண்டும்.

அந்த வீட்டு மாமா பல் ஆஸ்பத்திரிகளுக்குப் பல்செட் செய்துகொடுக்கிறவர். சாயங்காலமானால் வேலிக்கு அப்பால் எதையோ அரத்தால் ராவுகிற சத்தம் கேட்கும். இத்தனை வருஷமும் பல்லைத்தான் ராவுகிறார் என்று நினைத்தேன். ஊரில் இத்தனை பேருக்குப் பல் இல்லையா என்று பரிதாபப்பட்டதுகூட உண்டு.

வாயில் இருந்த நுரையைத் துப்ப மறந்து முழுங்கிவிட்டேன்.

ஜூன் 5, வியாழன்

சண்டை வந்துவிட்டது.

எங்கள் தெருவில் வேலிக்கு முகம் உண்டு, முதுகு உண்டு. வழவழவென்று பலகை தெரிகிற பக்கம் முகம். குறுக்குச் சட்டங்கள் தெரிகிற பக்கம் முதுகு. வேலி போடுகிறவர்கள் முகத்தை அடுத்த வீட்டுக்குக் காட்டி, முதுகைத் தங்கள் பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனாலும் எல்லா வீட்டிலும் அப்படித்தான். முதுகு யார் பக்கமோ, வேலி அவருடையது. விழுந்தால் அவர்தான் தூக்கி நிறுத்தவேண்டும். விழுந்த வேலியின் முதுகு மாமா பக்கம்.

அதனால் அப்பா போய் எப்போது நிறுத்துவீர்கள் என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஒரு மாசம் பொறுத்துக்குங்க. இது வெளிய போனதும் புதுசாவே போட்டுடறேன்."

"இது எந்த வழியாங்க வெளிய போகும்?"

மாமா எங்கள் கொல்லையைத் தாண்டி எங்கள் பெரிய கேட்டைப் பார்த்தார். அப்பா நடுரோட்டில் நின்றுபோன வண்டிகளை லாரியில் ஏற்றி ஒர்க்‌ஷாப்பில் விடுகிறவர். லாரி நுழைவதற்காகப் பின் சந்தில் எங்களுக்கு அகலமான கேட் இருக்கிறது. மாமா வீட்டில் பக்கவாட்டுச் சந்து மட்டும்தான். அதில் சைக்கிளே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போகும். படகு கட்ட ஆரம்பித்தபோது, முடித்த பிறகு அது எப்படி வெளியே போகும் என்று அவர் யோசிக்கவே இல்லையாம்.

அப்பா சிரித்துவிட்டார். "போனாலும் எங்க ஓட்டப்போறீங்க சார்? வாளித் தண்ணியிலயா?"

மாடிகளில் வேடிக்கை பார்த்தவர்களும் சிரித்தார்கள். மாமாவின் காது சிவந்துவிட்டது. "உங்க லாரி ராத்திரியில உறுமறதை நான் ஒரு நாளாவது ஏன்னு கேட்டிருக்கேனா?" என்று மட்டும் சொன்னார். அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. இதுவும் சத்தமில்லை. ஆனால் எல்லோரும் சிரிப்பதை நிறுத்தினார்கள்.

அப்பா சொன்னார், "வேலியை நானே போட்டுக்கறேன்."

வீட்டுக்குள் வந்து எங்களிடம், "அந்தப் பக்கம் யாரும் கால் வைக்கக்கூடாது."

அப்பாவுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார். பேச்சை நிறுத்திவிடுவார். போன வருஷம் நான் ஒரு பொய் சொன்னதற்கு மழைக்காலம் முடியும்வரை என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைப்பார், பேசமாட்டார். அடித்திருந்தால் பரவாயில்லை.

ஜூன் 6, வெள்ளி

கால் வைத்துவிட்டேன்.

ஜூன் 7, சனி

நேற்று எழுதக் கை வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

ஸ்கூல் விட்டு வந்தேன். அப்பா, அம்மா, மாமா யாரும் வேலையிலிருந்து திரும்பவில்லை. அந்த வீட்டு அத்தை மட்டும் உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தார். விழுந்த பலகைகள் மேல் நடந்து அந்தப் பக்கம் போனேன். தொட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான். தொட்டேன். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் நகம்கூட இறங்கவில்லை. ஆயிரம் வாய்களுக்குப் பல் கட்டிய கை என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் முட்டுக்கட்டையில் ஏறி உள்ளே இறங்கிவிட்டேன்.

அடியில் மல்லாந்து படுத்தேன். இரண்டு பக்கமும் விலா எலும்பு மாதிரி வளைந்த கட்டைகள். யாரோ ஒரு பெரிய மூச்சை இழுத்து அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிற நெஞ்சுக்குள் நான் படுத்திருக்கிறேன். மேலே வானம் படகு வடிவத்தில் இருந்தது. எத்தனை வருஷமாக இது எங்கள் துணிக்கொடிக்குப் பத்தடி தள்ளி வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது. நான் இந்தப் பக்கம் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அழுகை வந்தது. பயத்தில் இல்லை. எதற்கென்று தெரியவில்லை.

லாரி சத்தம் கேட்டதும் குதித்து ஓடிவந்துவிட்டேன். அறைக்குள் வந்து கண்ணாடி பார்த்தால் ஒரு ஜடையில் ரிப்பன் இல்லை. நீல ரிப்பன், ஸ்கூல் ரிப்பன்.

படகுக்குள்தான் கிடக்கிறது.

ஜூன் 9, திங்கள்

வேலிக்காரர் வந்தார். தூண்களுக்குக் குழி தோண்டிக் காங்கிரீட் போட்டாயிற்று. தூண்களுக்கு நடுவில் பலகைத் தட்டிகளை போல்ட் போட்டு மாட்டுவாராம். அம்மா உயரத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "நாளைக்கு அவங்ககிட்ட ஒரு எலுமிச்சம்பழம் கேக்கணும்னா ஏணி போடணுமா?"

ரிப்பன் எங்கே என்று அம்மா என்னைக் கேட்டாள். ஸ்கூலில் தொலைந்தது என்றேன். இதோ, இன்னொரு பொய்.

ஜூன் 10, செவ்வாய்

வேலிக்காரர் வழக்கம்போல முகத்தை மாமா வீட்டுப் பக்கம் வைத்துத் தட்டியைத் தூக்கினார். அப்பா சொன்னார், "திருப்பிப் போடு."

"அண்ணே, பலகை அவங்க பக்கம் இருக்கறதுதானே முறை."

"முறையெல்லாம் முறையா இருக்கறவங்களுக்கு. முதுகு அந்தப் பக்கம் இருக்கட்டும்."

வேலிக்காரர் அப்பா முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டியைத் திருப்பினார். "உங்க வேலி, உங்க இஷ்டம்."

இந்தத் தெருவில் அடுத்த வீட்டுக்கு முதுகைக் காட்டி நிற்கிற ஒரே வேலி எங்களுடையது. காறித் துப்பியதற்குச் சமம் என்று அம்மா முணுமுணுத்தாள். கடைசித் தட்டியை மாட்டும்போது மாமா வாசற்படியில் டீ டம்ளரோடு நின்று பார்த்தார். டம்ளரை வாயருகில் கொண்டுபோகவே இல்லை. மூடியாயிற்று. இனி அந்தப் படகு வெளியே வரவேண்டும் என்றால் ஒன்று வேலியை இடிக்க வேண்டும், இல்லை அவர் வீட்டை.

இல்லாவிட்டால் அது அங்கேயே மக்கவேண்டும். என் ரிப்பனோடு.

ஜூன் 13, வெள்ளி

ராவுகிற சத்தம் நின்றுவிட்டது. மூன்று நாளாக இல்லை. இவ்வளவு அமைதியாக எங்கள் கொல்லை இருந்ததே இல்லை. எனக்கு இது பிடிக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

இரண்டாவது தட்டியில் ஒரு பலகையிலிருந்த கணு உதிர்ந்து ஓட்டை விழுந்திருக்கிறது. அதில் கண்ணை வைத்தால் படகின் மூக்கு தெரிகிறது. துணி காயப்போடுகிற சாக்கில் இன்று அங்கே போனேன். எனக்கு முன்னால் ஒருவர் குனிந்து நிற்கிறார்.

அப்பா.

அவர் திரும்பவில்லை. ரொம்ப நேரம் பார்த்தார். முதுகு மூச்சில் ஏறி இறங்கியது. லாரியின் கீழ் புகுந்து எதையாவது பார்க்கும்போதுதான் அப்பா அப்படி மறந்து நிற்பார். அப்புறம் என்னைப் பார்த்துவிட்டார்.

"ஓணான் ஒண்ணு போச்சு," என்றார்.

"பெரிய ஓணானாப்பா?"

ஏன் கேட்டேன்? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரிகிறதா எனக்கு? ஆனால் அவர், "ம். பெரிசு," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஜூன் 18, புதன்

இது எனக்கு மட்டும் தெரியுமா, எல்லோருக்கும் தெரியுமா?

துணி எடுக்கப்போனபோது பார்த்தேன். எங்கள் பக்கம் போல்ட்டுகளின் உருண்டைத் தலை மட்டும்தான் இருக்கிறது, சட்டைப் பொத்தான் மாதிரி, வழவழவென்று. பிடித்துத் திருக எதுவும் இல்லை. அப்படியென்றால் நட்டு? ஓட்டையில் கண்ணை வைத்துச் சாய்ந்து பார்த்தேன். நட்டெல்லாம் சட்டத்தின் மேல், முதுகுப் பக்கம். மாமா பக்கம்.

முறைப்படி போட்டிருந்தால் நட்டெல்லாம் எங்களிடம் இருந்திருக்கும். அவமானப்படுத்தத் திருப்பிப் போட்டதில், வேலியைத் திறக்கிற சாவியையே அப்பா அவர் கையில் கொடுத்துவிட்டார்.

சொல்லவேண்டுமா? அப்பாவிடம் சொன்னால் வெல்டிங் வைத்துவிடுவார். மாமாவிடம் சொன்னால் நான் அப்பாவுக்குத் துரோகி. ஒன்றும் சொல்லாமல் இருந்தால் நான் யார்?



ஜூன் 20, வெள்ளி

சொல்லவில்லை. யாரிடமும்.

ஜூன் 22, ஞாயிறு

வேகமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக வந்தால் மன்னிக்கவும்.

காலையில் சமையலறை ஜன்னல் பக்கம் நின்று பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஸ்பேனர் சத்தம். மாமா நட்டைக் கழற்றுகிறார். அப்பா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். தலையை நிமிர்த்தினார். எழுந்து பின்பக்கம் போனார். நான் துடைத்த தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்தேன். அம்மா என் தோளில் கை வைத்தாள்.

அப்பா வேலிக்கு முன்னால் போய் நின்றார். ஒரு போல்ட் தலை மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் நட்டைத் திருகத் திருக, இந்தப் பக்கம் போல்ட்டும் கூடவே சுற்றுகிறது. புது மரம், பிடிப்பு இல்லை. தனி ஆளால் அதைக் கழற்றவே முடியாது. ஸ்பேனர் நிற்கும், மறுபடியும் ஆரம்பிக்கும், நிற்கும். மாமா மூச்சு வாங்குவது எங்களுக்கே கேட்டது.

அப்பா கையை நீட்டினார். கட்டை விரலை அந்த உருண்டைத் தலைமேல் வைத்து, உடம்பு பாரம் முழுக்கக் கொடுத்து அழுத்தினார்.

அந்தப் பக்கம் ஸ்பேனர் நின்றது. இந்தப் பக்கம் யாரோ பிடிக்கிறார்கள் என்று மாமாவுக்குப் புரிந்திருக்கும். அப்புறம் மெதுவாக, ரொம்ப மெதுவாக, நட்டு சுழன்று வருகிற சத்தம். ஒன்று விழுந்தது. அப்பா அடுத்த போல்ட்டுக்கு நகர்ந்தார். ஸ்பேனரும் நகர்ந்தது. நடுவில் பலகை. நான் கோயிலில்கூட இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதில்லை.

கடைசி போல்ட் கழன்றதும் தட்டி சாய்ந்தது. அப்பா தோளில் தாங்கி ஓரமாகச் சாத்தினார். எதிரே மாமா, கையில் ஸ்பேனர், முகமெல்லாம் வேர்வை.

அப்பா சொன்னார், "பல்லு புடுங்கற ஆளுக்கு ஒரு போல்ட் புடுங்க வரலையா?"

"நான் பல்லு கட்டற ஆளுங்க. புடுங்கறது டாக்டர்."

அம்மா சிரித்துவிட்டாள். அத்தை அந்தப் பக்கம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

அப்புறம் அப்பா லாரியைப் பின்னால் எடுத்து வந்தார். உருளைக் கட்டைகள் மேல் படகு எங்கள் கொல்லைக்குள் வந்தது. இரண்டு தூண்களுக்கு நடுவில் ஒரு கையளவு இடம்தான் மிச்சம். மண்மேல் ஒரு படகு நகர்ந்து, எங்கள் துணிக்கொடிக்குக் கீழே, என் பள்ளிச் சட்டையை உரசிக்கொண்டு போவதை நான் பார்த்தேன். இதை வாழ்நாள் முழுக்க மறக்கமாட்டேன். விபத்தில் அடிபட்ட வண்டிகளைக்கூட அப்பா அவ்வளவு பதமாக லாரியில் ஏற்றியதில்லை.

ராத்திரி சாப்பிடும்போது அம்மா கேட்டாள், "நட்டு அவங்க பக்கம் போகும்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

அப்பா தண்ணீர் குடித்தார். "ஏதோ மாத்திப் போட்டுட்டேன்." அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு லாரியின் ஒவ்வொரு நட்டையும் தொட்டுக் காட்டுகிறவர்.

எனக்கு அப்பாவைத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அவரும் வேலிக்கு அந்தப் பக்கம் படகு இருந்த மாதிரிதான் போலிருக்கிறது.

ஒன்றை இன்னும் எழுதவில்லை. கயிறு கட்டுவதற்காக அப்பா படகுக்குள் இறங்கினார். குனிந்தார். அடியிலிருந்து எதையோ எடுத்துப் பார்த்தார். நீலமாக இருந்தது. நான் நின்ற ஜன்னலைத் திரும்பிப் பார்க்கவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் நாள் முழுக்க என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் சாப்பிடும்போது என்னிடம், "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ," என்றார். பேசினார். அதுதான் எனக்குப் புரியவில்லை, அவர் கண்டுபிடித்துவிட்டாரா, இல்லை முன்னாலேயே

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா தட்டமாட்டாள், அப்படியே வந்துவிடுவாள்.