நாற்பது மணி நேரம் அணையாமல்

நாள் 1 — 09:10
பதிவு: பெலிசித்தா மொறாயிஸ், கடலடி ஆய்வறை, ஆழம் நாற்பது மீட்டர். ஆய்வு முடிந்தது. இனி அறையின் அழுத்தத்தை லேப்டாப் நாற்பது மணி நேரத்தில் மெல்லக் குறைக்கும். அவசரப்பட்டால் இரத்தத்தில் குமிழி கட்டி ஆள் காலி. குறைந்து முடிந்ததும் கப்பல் கொக்கி மாட்டி அறையோடு என்னைத் தூக்கும். காற்று ஆறு நாளுக்கு இருக்கிறது.

நாள் 1 — 16:32
லேப்டாப் தானாக ரீபூட் ஆனது. ரீபூட் ஆனால் அழுத்தத்தைப் பழைய அளவுக்கே ஏற்றி, முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். பாதுகாப்பு விதி அது. ஏழு மணி நேரமும் விழலுக்கு இறைத்த நீர்.
காரணம் தேடி, மிசின் தன் செயல்களைக் குறித்துவைக்கும் லாகைத் திறந்தேன். காலி. டிஸ்க் தேயக்கூடாதென்று லாகை மெமரியில் எழுதவைத்த புத்திசாலி நான்தான். மிசின் அணைந்தால் சாட்சியும் அழிந்துவிடும்.

நாள் 2 — 11:05
இன்னும் இரண்டு ரீபூட். சூடு ஐம்பத்திரண்டு டிகிரி, சாதாரணம். மெமரி சோதனை பாஸ். சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் ஓட்டியும் பார்த்தேன். கப்பலில் இருக்கும் கித்தேரியானிடம், மேலே ஏதாவது கோளாறா என்று ஒலி மோடம் வழியே கேட்டேன். பதில்:
"இங்க ஒண்ணுமில்லக்கா. கடலு தட்டையாக் கெடக்கு. நீ மிசின மட்டும் பாரு."
ஏழு வருஷமாக என்னை மேலே ஏற்றியவன் அவன்தான். நம்பினேன்.

நாள் 4 — 08:40
இரண்டு மணிக்கொருமுறை அணைகிறது. இயங்குதளத்தின் கெர்னலை மாற்றினேன். ரேம் மெமரியைக் கழற்றி மாட்டினேன். லேப்டாப்பைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். பிறகு அதனிடமே மன்னிப்பும் கேட்டேன். இந்த இரும்புப் பானைக்குள் நிமிர்ந்து நிற்கக்கூட முடியாது. எனக்குப் பயமாக இருக்கிறது.
லாகை டிஸ்குக்கு மாற்ற வேண்டும் என்று இப்போதுதான் உறைத்தது. மாற்றிவிட்டேன். இந்தக் குறிப்பும் இனி எழுத்துக்கு எழுத்து டிஸ்கில் ஏறும்.

நாள் 4 — 10:02
நான்கு நிமிடத்துக்கொரு ரீபூட். அதற்குள் படித்து, அதற்குள் எழுத வேண்டும். லாகின் கடைசி வரி: "கப்பலிடமிருந்து பதில் இல்லை. ரீபூட்."

10:07
போன வருஷம் நானே போட்ட காவல் நிரல். நிமிடத்துக்கொருமுறை கப்பலைக் கூப்பிடும். மூன்று முறை பதில் இல்லையென்றால், மோடம் தொங்கிவிட்டதென்று எண்ணி ரீபூட் செய்யும். போட்டதையே மறந்துவிட்டேன். லேப்டாப்புக்கு ஒரு நோயும் இல்லை. கப்பல்தான் இல்லை.

10:12
நிரலை நிறுத்திவிட்டேன். ரீபூட்டுகளுக்கு நடுவே வந்து, படிக்காமல் கிடந்த செய்தி:
"யக்கா, புயலு. மூணு நாளா கப்பல நிறுத்த முடியாம சுத்திக்கிட்டே கெடந்தோம். அங்க ஒத்தையில பயப்படுவேன்னுதான் சொல்லல. இப்ப கரைக்குப் போவச் சொல்லிட்டாவ. காத்து அடங்குனதும் வந்துருவேன். மன்னிச்சிரு."
கப்பல் மோடமுக்கு எட்டாத தூரம் விலகியபோதெல்லாம் அணைந்திருக்கிறது. முதல் நாளே சொல்லியிருந்தால் முதல் ரீபூட்டிலேயே கண்டுபிடித்திருப்பேன். கப்பல் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தபோதே, மூன்றாம் நாள் காலை மேலே ஏறியிருப்பேன். அழுகிறேன். எண்ணிக்கை ஓடுகிறது.

நாள் 6 — 09:30
நாற்பது மணி நேரமும் ஒருமுறைகூட அணையவில்லை. அழுத்தம் இறங்கி முடிந்தது; இனி ரீபூட் ஆனாலும் ஏறாமலிருக்க வால்வைக் கையால் மூடிவிட்டேன். ஆனால் கதவு திறக்காது. நாற்பது மீட்டர் தண்ணீர் வெளியே அமுக்கிக்கொண்டிருக்கிறது. காற்று இன்னும் இருபத்துமூன்று மணி நேரத்துக்கு.
கப்பல் வந்து கூப்பிட்டால் நான் பதில் தர வேண்டும். பிணத்தைத் தூக்க இந்தக் கடலில் யாரும் கொக்கி இறக்க மாட்டார்கள். எனக்கோ கண் செருகுகிறது. ஸ்பீக்கர் ஈரத்தில் செத்துவிட்டது. லேப்டாப் பூட் ஆகும்போது அதன் போர்டு போடும் 'பீப்' சத்தம் ஒன்றுதான் மிச்சம். தூங்கினாலும் அது எழுப்பிவிடும்.
காவல் நிரலைத் தலைகீழாக மாற்றி ஓடவிட்டேன். கப்பல் பதில் சொன்னால் ரீபூட்.

நாள் 6 — 17:48
அணையவில்லை. அணையாதே என்று இதே திரையிடம்தான் மூன்று நாள் கெஞ்சினேன். இப்போது அணைந்து தொலை என்று கெஞ்சுகிறேன். விரல் மரத்துவிட்டது. கித்தேரியான்மேல் எனக்குக் கோபமில்லை என்று இதைக் கண்டெடுப்பவர் அவனிடம் சொல்லவும். பொய். கொஞ்சம் இருக்கிறது. அவன் வந்தால் கன்னத்தில் ஒன்று போட்டுவிட்டுத்தான் கட்டிப்பி