யானைக்குத் தந்தம் முளைத்த நாள்

அன்புள்ள மாமா,

ஒரு முக்கிய அறிவிப்பு. எல்லோரும் எழுந்து நிற்கவும். நம் வீட்டு நீல நிற டூத் பிரஷ், ஐந்து மாதம் என் பற்களுக்கு ஆற்றிய தொண்டிலிருந்து இன்று காலை ஆறரை மணிக்கு ஓய்வு பெற்றது. ஆறு முப்பத்தொன்றுக்குச் சீருடைப் பிரிவில் மறுபணியில் சேர்ந்தது. விழாவுக்கு வந்திருந்தோர்: நான், பூனை. பூனை பாதியில் போய்விட்டது.

பள்ளியில் தேசிய மாணவர் படையில் சேர்ந்திருக்கிறேன். என் தொப்பி பேட்ஜில் பித்தளை பாலிஷ் போட்டு அந்த பிரஷால் தேய்த்தபோது வாசம் கிளம்பியது. மண்ணெண்ணெயும் எலுமிச்சைத் தோலும் மல்லுக்கட்டியது போன்ற, நீங்கள் தேய்க்கும்போது கிளம்பும் அதே வாசம். அடுக்களையிலிருந்து அம்மா சட்டென்று, "ஏலே, தம்பி வந்திட்டானா?" என்றாள். பிறகு அவளே தேங்காய் துருவப் போய்விட்டாள். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, மாமா. நம் வீட்டு மூக்குகளுக்கு மட்டும் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

பதினேழு வருஷம் பட்டாளம். திரும்பி வந்து மார்த்தாண்டத்தில் ஒரு வங்கிக்குக் காவல். கல்யாணம் வேண்டாமென்று சொல்லிவிட்டு அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டீர்கள். சுசீந்திரத்தில் ஏழு மணி பஸ்ஸைப் பிடிப்பதற்கு முன் துவைகல்லில் உட்கார்ந்து பழைய பேட்ஜைத் தேய்ப்பீர்கள். வங்கித் தொப்பிக்கு வேறு பேட்ஜ் உண்டு. ஆனாலும் இதைத் தேய்த்துச் சட்டைப் பையில் போட்டால்தான் உங்கள் கால் வாசற்படி தாண்டும்.

ஒரு கேடயம், அதன் பின்னால் குறுக்கே இரண்டு வாள், நடுவில் ஒரு யானை.

"மாமா, பட்டாளத்துக்கு ஏன் ஆனை? சிங்கம், புலியெல்லாம் ஸ்டாக் தீந்து போச்சா?" என்று ஆறாம் வகுப்பில் கேட்டேன்.

"ஆளெடுப்பு நடக்கும்போ ஒரு ஆனை வந்து வரிசையில நின்னுது மருமவனே. உயரம் கொள்ளாம், பாஸ். நெஞ்சளவும் கொள்ளாம், பாஸ். ஓட்டத்துலதான் தோத்துட்டு. வந்தவன வெறுங்கையோட அனுப்பப்பிடாதுன்னு தொப்பியில ஏத்திட்டானுவ."

அதை அப்படியே 'எனக்குப் பிடித்த விலங்கு' கட்டுரையில் எழுதினேன். டீச்சர் என்னைப் பெஞ்சில் ஏற்றினார். மாமா ஒன்று, மருமகன் சைபர்.

நான் சண்டைக்கு வந்த பிறகுதான் உண்மைக் கதையைச் சொன்னீர்கள். வெள்ளைக்காரக் கம்பெனிக்காரன் காலத்தில் தக்காணத்தில் ஒரு பெரிய போர். எதிரே வரிசையாகப் பீரங்கி. தெற்கிலிருந்து போன காலாட்கள் அதன் வாய்க்கு நேராக நடந்தார்கள்; விழுந்தவர்களைத் தாண்டியும் நடந்தார்கள். வென்றதற்கு அடையாளமாகக் கொடுத்ததுதான் யானை.

"அந்தப் பக்கம் நின்னது ஆரு மாமா?"

"அதுவும் நம்ம நாட்டு ஆளுவதான்."

"அப்பொறம் எதுக்கு அதத் தூக்கித் தலையில வச்சிருக்கிய?"

அன்று நீங்கள் சிரிக்கவில்லை. பிரஷைக் கீழே வைத்தீர்கள். "குடுத்தவன் எந்த அர்த்தத்துல வேணா குடுத்திருப்பான் மக்கா. அவன் கப்பலேறிப் போயிட்டான். போட்டவன் நடந்த நடைதான் இப்ப அதுக்கு அர்த்தம். ஆனை சட்டுனு திரும்பாது, பாத்திருக்கியா? உடம்பு மொத்தமும் சம்மதிக்கணும். அதான். கேடயம் பக்கத்துல நிக்கவனுக்கு. ரெண்டு வாளு இருக்கே, அது கதவு. எங்களத் தாண்டி ஒருத்தனும் உள்ள போவப்பிடாது."

சொன்னது கம்பீரமாகத்தான் இருந்தது. பேட்ஜ் அப்படி இல்லை. உங்கள் கட்டைவிரல் தேய்த்துத் தேய்த்து யானையின் தந்தம் இரண்டும் போயிருந்தன. கண் மூடியிருந்தது. தும்பிக்கை நூலாகியிருந்தது. "இது ஆனையா, வாலு முன்னால மொளச்ச ஆட்டுக்குட்டியா?" என்று கேட்டு அடி வாங்கியிருக்கிறேன்.

இனி என் புகழ் பாடும் பகுதி. என்னை நீங்கள் ஏமாற்றியது ஆயிரம் தடவை. உங்களை நான் ஏமாற்றியது ஒரே தடவை. அந்த ஒன்றை வைத்துத்தான் வகுப்பில் இன்றுவரை காலரைத் தூக்கிவிட்டுத் திரிகிறேன்.

நான் ஒன்பதாவது படித்தபோது உங்கள் பழைய தோழர்களின் ஆண்டுக் கூட்டம் வந்தது. உங்களுக்குள் அங்கே ஒரு வழக்கம் உண்டு. யாருடைய யானை அதிகம் தேய்ந்திருக்கிறதோ அவர்தான் இறந்த தோழர்களின் படங்களுக்கு முதல் மலர்வளையம் வைப்பார். கண்ணை மூடிக் கட்டைவிரலால் தடவித் தீர்ப்புச் சொல்வார்கள். அந்த வருஷம் அது உங்கள் முறை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. படங்களில் ஒன்று, உங்கள் பக்கத்தில் நின்று விழுந்தவருடையது. இதில் ஒரு வார்த்தைகூட நீங்கள் வீட்டில் சொன்னதில்லை.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, நீங்கள் காய்ச்சலில் படுத்திருந்தபோது, பேட்ஜைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு வடசேரிக்குப் போனேன். கோயில் நகை செய்யும் ஆசாரியின் மகன் வினு என் வகுப்பு. அவன் அப்பா யானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாவம், பல்லு போன ஆனை," என்றார். இரண்டு தந்தம் ஒட்டினார். கண் திறந்தார். தங்க முலாம் பூசினார். தேரோட்டத்துக்கு வரும் யானையின் நெற்றிப்பட்டம் போல நெற்றியில் ஒரு சிவப்புக் கல்லும் பதித்தார். உங்கள் பழைய பட்டாளத் தொப்பியில் மாட்டிப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, உங்களிடம் பேட்ஜை மாட்டியாயிற்று என்று மட்டும் சொன்னேன்.

மார்த்தாண்டத்தில் கல்யாண மண்டப வாசலில்தான் பெட்டியைத் திறந்தீர்கள். கரும்பச்சைத் தொப்பியில் யானை மணப்பெண் மாதிரி மின்னியது. உங்கள் கட்டைவிரல் பழக்கத்தில் அதன் மேல் போய், ஏதோ குத்தியது போல நின்றது.

"ஆருலே இது?"

"சும்மா மாமா. ஒரு பிராங்க்."

நீங்கள் தொப்பியை வெளிச்சத்துக்குத் திருப்பினீர்கள். அதற்குள் தேங்காய்ப்பட்டணத்து அந்தோணி மாமா வந்துவிட்டார். கையில் மலர்வளையம், உங்களுக்காகத் தயாராக.

"வளையத்த நீ வையி, நான் பேருக்கு ஒருக்கா தடவிப் பாக்குதேன்," என்று கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தார். கண் திறந்தது. "எடே பாவி! இதுல முள்ளு மொளச்சிருக்கு! ஒனக்க ஆனைக்குக் கல்யாணமா?"

மண்டபமே கூடிவிட்டது. அந்த வளையத்தின் கதை முழுவதும் அங்கே, அந்த நாலு நிமிஷத்தில், அவர்கள் பேச்சிலிருந்துதான் எனக்குத் தெரிந்தது. "மருமவன் செய்த வேலை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்களுக்கு விலக்குக் கொடுத்திருப்பார்கள். நீங்கள் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சட்டம் சட்டந்தான் அந்தோணி. தந்தம் திரும்ப மொளச்சாச்சுல்லா? நான் இப்ப புது ரிக்ரூட்டு." யானை இடது கண்ணுக்கு மேல் வரும்படி தொப்பியைச் சரியாக வைத்துக்கொண்டு, வரிசையின் கடைசிக்கு நடந்தீர்கள். முதல் வளையத்தை அந்தோணி மாமா வைத்தார். உங்கள் முறை வரும்போது அந்த ஒரு படத்தின் முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நின்றீர்கள்.

சாப்பாட்டுப் பந்தியில் அவர்கள் விட்டால்தானே. "ரிக்ரூட்டுக்கு ஒரு பப்படம் போதும்!" "ரிக்ரூட்டே, அந்த ரசத்த இங்க தள்ளு!" உங்களைவிடப் பத்து வயது இளையவர்கூட விரட்டினார். நீங்கள் ஒவ்வொரு தடவையும் எழுந்து விறைப்பாக சல்யூட் அடித்தீர்கள். அடைப்பிரதமன் பாயசம் விளம்பியவர் சிரித்த சிரிப்பில் பாதி இலைக்கும் பாதி உங்கள் மடிக்கும் போனது. திரும்பி வரும்போது பைக்கில் சொன்னது ஒன்றுதான்: "நல்லா ஏமாத்திட்டலே. கொள்ளாம்."

மறுநாள் துவைகல்லில் மறுபடி முதலிலிருந்து தேய்க்க ஆரம்பித்தீர்கள். சிவப்புக் கல்லைப் பிடுங்கச் சொன்னேன். "கெடக்கட்டு. தானா தேயட்டு," என்றீர்கள். இரண்டு வருஷம் தேய்த்தீர்கள். அதற்குமேல் உங்கள் நெஞ்சு விடவில்லை.

போன வாரம் அந்தோணி மாமா வந்திருந்தார். இந்த வருஷக் கூட்டத்தில் உங்கள் படமும் இருக்கும், பேட்ஜை நான் கொண்டுவர வேண்டுமாம். கண்ணை மூடித் தடவினார். "இன்னும் குத்துகே," என்றார். அப்புறம், "பிராங்க்னா இதுதாம்லே பிராங்க். அவனையே கவுத்திட்டியே," என்று என் முதுகில் தட்டினார். நானும் வழக்கம்போல நெஞ்சை நிமிர்த்திச் சிரித்தேன்.

ஆனால் உங்கள் படத்துக்கு முன்னால் அந்தச் சிரிப்போடு போய் நிற்க முடியாது, மாமா. அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது பிராங்க் இல்லை. அத்தனை பேர் நடுவே பல் போன யானையோடு போனால் உங்களைக் கேலி செய்வார்களே என்று எனக்குத் தூக்கமில்லை. பெட்டியைத் திறந்ததும் என்னைக் கட்டிப்பிடிப்பீர்கள் என்று நினைத்தேன். உங்கள் முகத்தைப் பார்த்ததும் வாய்க்கு வந்த பொய்தான் அந்த பிராங்க். அந்தச் சிவப்புக் கல் யோசனைகூட ஆசாரியுடையது இல்லை, என்னுடையதுதான்.

உங்கள் யானையைப் பாலிஷ் இல்லாமல், வெறும் கட்டைவிரலால் தினமும் நான்தான் தேய்க்கிறேன். கல் இன்னும் உதிரவில்லை. யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், மாமா: இப்போதும் எனக்கு அது அழகாகத்தான் தெரிகிறது.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்